தரக்கட்டுப்பாட்டுக் கருவிகள் பயிற்சி: மேலாளர்களும் பொறியாளர்களும் கேட்கும் கேள்விகள்

பல ஆண்டுகளாக ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டு வகுப்பு எடுத்துவருகிறேன். முதல் நாள் இடைவேளையிலேயே வந்துவிடும் கேள்விகளும், மூன்றாம் மாதத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் கேள்விகளும் இங்கே கலந்து இருக்கின்றன. இரண்டாம் வகைதான் எனக்குப் பிடித்தவை.

இந்தப் பயிற்சியில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறீர்கள்?

ஏழு கருவிகள்: செக் ஷீட் (தரவு குறிக்கும் படிவம்), பரேட்டோ வரைபடம் (குறைபாடுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் பட்டைகள்), மீன்முள் வரைபடம் என்று பலரும் அழைக்கும் காரண-விளைவு வரைபடம், ஹிஸ்டோகிராம் (எந்த அளவு எத்தனை முறை வந்தது என்று காட்டும் பட்டைகள்), சிதறல் வரைபடம் (இரண்டு அளவுகளின் தொடர்பைக் காட்டும் புள்ளிகள்), கட்டுப்பாட்டு வரைபடம் (அளவுகளை நேரவரிசையில் குறித்து, வழக்கமான ஆட்டத்தின் எல்லைகளைக் காட்டுவது), வகைபிரித்தல். சிலர் வகைபிரித்தலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாய்வுப் படத்தை வைப்பார்கள். வகைபிரித்தலைக் கைவிட எனக்கு மனம் வராது. எந்தத் தரவையும் இயந்திரம், ஷிஃப்ட், மூலப்பொருள் லாட், அச்சுக்குழி என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்ற ஆறு கருவிகளும் தாமாகவே கூர்மையாகிவிடும்.

இவற்றைக் கோக்கும் ஒரு வரிசைமுறையும் உண்டு. சிக்கலை வரையறுப்பது, இப்போதைய நிலையை நேரில் பார்ப்பது, காரணத்தை ஆராய்வது, நடவடிக்கை எடுப்பது, பலனைச் சரிபார்ப்பது, அதை நிலையான நடைமுறையாக்குவது, தீராமல் மிஞ்சியதைப் பதிவு செய்வது. ஜப்பானிய ஆலைகளில் இதைக் 'கியூசி கதை' என்பார்கள்; கியூசி என்றால் தரக்கட்டுப்பாடு.

ஒவ்வொரு கருவியையும் அரை மணி நேரத்தில் விளக்கிவிடலாம். அப்படியானால் மீதி நாள்கள் எதற்கு? 'எனக்குத் தெரியும், காரணம் இதுதான்' என்று நாக்கின் நுனிக்கு வந்த பேச்சைத் தரவு கைக்கு வரும்வரை விழுங்கிக்கொள்ளப் பழகுவதற்கு. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இது மிகவும் கடினம்.

இந்த ஏழும் எங்கிருந்து வந்தன?

ஒரே இடத்திலிருந்து அல்ல. கட்டுப்பாட்டு வரைபடம் வால்டர் ஷூஹார்ட்டுடையது. அமெரிக்காவில் பெல் தொலைபேசிக் குழுமத்தில் பணியாற்றிய அவர், 1924 மே மாதம் தம் மேலதிகாரிக்கு எழுதிய மிகச் சிறிய குறிப்பு ஒன்றில் முதல் வரைபடத்தை வரைந்து காட்டினார். பரேட்டோ என்பவர் இத்தாலியப் பொருளியலாளர். அவர் பெயரை ஆலைக் குறைபாடுகளோடு முடிச்சுப் போட்டவர் அமெரிக்கத் தர வல்லுநர் ஜோசஃப் ஜுரான். மீன்முள் படம் ஜப்பானியத் தர வல்லுநர் கவோரு இஷிகாவாவுடையது. இவற்றையெல்லாம் ஒரு தொகுப்பாக்கி, புள்ளியியல் பட்டம் இல்லாதவர்களும் கையாளலாம் என்று காட்டியதும் இஷிகாவாதான்.

மேலாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இந்த வரலாற்றில் இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் மற்றும் பொறியாளர்கள் ஒன்றியத்தின் அழைப்பில் 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் அங்கே போனபோது, பொறியாளர்களுக்குப் பாடம் எடுத்ததோடு நிற்கவில்லை. நிறுவனத் தலைவர்களையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். 1954இல் வந்த ஜுரான் மேலாண்மையின் பொறுப்பைப் பற்றியே அதிகம் பேசினார். தொழிலாளர்கள் சிறு குழுக்களாகக் கூடித் தரச் சிக்கல்களைத் தீர்க்கும் கியூசி வட்டங்கள் 1962இல்தான் தொடங்கின. மேலே இருப்பவர்கள் முதலில் கற்றார்கள், கீழே இருப்பவர்கள் பிறகு கற்றார்கள். பல நிறுவனங்கள் இன்று இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, பலன் இல்லை என்று குறைப்படுகின்றன.

ஆலைச் சிக்கல்களில் 95 விழுக்காட்டை இந்த ஏழு கருவிகளாலேயே தீர்த்துவிடலாம் என்று இஷிகாவா சொன்னது எல்லாப் பயிற்சி நூல்களிலும் இருக்கும். அதை அளந்து எடுத்த எண்ணாக நான் கொள்வதில்லை. நிறைய ஆலைகளைப் பார்த்தவரின் கைக்கணக்கு. ஆனால் அதை மறுக்கும்படி எனக்கு எதுவும் நேரவில்லை.

மேலாளர்களையும் பொறியாளர்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைக்கலாமா?

தொடக்கத்தில் சேர்த்து, பிறகு பிரித்து நடத்துவதே நல்லது.

காரணம் எளியது. மீன்முள் படம் வரையும்போது பராமரிப்பு மேலாளர் அறையில் இருந்தால், 'பராமரிப்பு மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டது' என்ற முள்ளை எந்த இளம் பொறியாளரும் எழுத மாட்டார். எழுதினாலும் 'பராமரிப்பில் மேம்பாடு தேவை' என்று பூசி மெழுகித்தான் எழுதுவார். பூசி மெழுகிய காரணத்தை யாராலும் சோதிக்க முடியாது.

தேவையும் வேறு. எங்கே அளப்பது, எத்தனை மாதிரி எடுப்பது, எதை எதோடு சேர்த்துக் குழுவாக்குவது, எப்படி வரைவது என்பதெல்லாம் பொறியாளருக்கு வேண்டும். மேலாளர் வரையத் தேவையில்லை. வரைந்ததை வாசிக்கவும் சரியான கேள்வி கேட்கவும் தெரிந்தால் போதும்.

ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். வாரக் கூட்டத்தில் கழிவு விழுக்காடு 2.1இலிருந்து 2.6 ஆனது. மேலாளர் முகம் சிவந்தது, விளக்கம் கேட்டார். பொறியாளர் ஓர் இரவு உட்கார்ந்து இரண்டு பக்க விளக்கம் எழுதினார். அடுத்த வாரம் எண் 2.0. கண்டிப்புக்குப் பலன் கிடைத்துவிட்டதாக மேலாளர் நினைத்தார். தாம் எழுதிய காரணம் சரிதான் என்று பொறியாளர் நினைத்தார். பிறகு வகுப்பில் அந்த ஆண்டின் எல்லா வாரங்களையும் ஒரே தாளில் குறித்தோம். வாரத்துக்குச் சுமார் 2,700 பாகங்கள், சராசரிக் கழிவு 2.25 விழுக்காடு. அந்த அளவுக்கு எதுவுமே மாறாவிட்டாலும் எண் 1.4க்கும் 3.1க்கும் இடையே ஆடிக்கொண்டுதான் இருக்கும். 2.6க்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை, 2.0க்கும் இல்லை. இருவரும் ஆண்டு முழுவதும் வெறும் சத்தத்துக்கு, அதாவது தற்செயலான ஆட்டத்துக்கு, விளக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் இத்தனை விளக்கக் கடிதங்களும்?" என்று மட்டும் கேட்டார். பொறியாளர் தரையைப் பார்த்தார்.

மேலாளர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இதுதான்: ஒரு மாதத்துக்குக் கூட்டத்தில் 'யார் செய்தது?', 'எப்போது முடியும்?' என்ற இரண்டையும் கேட்காமல் இருங்கள். பதிலுக்கு 'எப்படி அளந்தீர்கள்?', 'வழக்கமாக எவ்வளவு ஆடும்?', 'எந்த இயந்திரத்தில், எந்த ஷிஃப்டில்?' என்று கேளுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

வகுப்பு நான்கு நாள். ஆனால் மூன்று மாதத்தில் பரவிக் கிடக்கும் நான்கு நாள். முதலில் இரண்டு நாள், அப்புறம் தளத்தில் தரவு சேகரிப்பு, மீண்டும் ஒரு நாள், மீண்டும் தளம், கடைசியில் ஒரு நாள். தொடர்ச்சியாக ஐந்து நாள் நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் முறை எனக்கு ஒத்துவராது. கற்றதைக் கை பழகுவதற்கு முன்பே கைதட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

என்ன எடுத்து வரவேண்டும்?

உங்கள் சொந்தச் சிக்கல் ஒன்று. உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதாகவும், எண்ணவோ அளக்கவோ முடிவதாகவும், மூன்று மாதத்தில் அசைத்துப் பார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

'கசிவு அதிகமாக இருக்கிறது' என்று எழுதி வருபவர்களைத் திருப்பி அனுப்புவேன். 'இரண்டாம் லைனில் கசிவுச் சோதனையில் தோற்கும் மூடிகள், கடந்த 8 வாரங்களில் சராசரி 4.2 விழுக்காடு' என்பது சிக்கல். 'புதிய ஃபிக்சர் (பாகத்தைப் பிடித்துவைக்கும் சாதனம்) இல்லாததால் கசிவு அதிகம்' என்பது சிக்கல் அல்ல, கொள்முதல் விண்ணப்பம். தீர்வைச் சிக்கலுக்குள் ஒளித்து எடுத்து வருபவர்கள்தான் அதிகம். பாதிப் பேருடைய முதல் வரியை நான் மூன்று முறையாவது அடித்துத் திருத்தியிருப்பேன்.

கணிதம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கூட்டல், கழித்தல், சராசரி, வர்க்கமூலம். திட்ட விலக்கம் என்றால் என்ன என்பதை வகுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

செக் ஷீட் வெறும் படிவம்தானே, அதற்கு ஏன் இரண்டு மணி நேரம்?

மற்ற ஆறு கருவிகளுக்கும் இதுதான் சோறு போடுகிறது. படிவத்தில் 'ஆபரேட்டர் தவறு' என்று ஒரு கட்டம் இருந்தால் மாதக் கடைசியில் அந்தக் கட்டம்தான் நிரம்பி வழியும், அது நிச்சயம். பார்த்ததை எழுதும் கட்டங்கள்தாம் வேண்டும்: கீறல், பள்ளம், அளவு கூடியது, நிறம் மாறியது. ஊகத்தை எழுதும் கட்டம் வேண்டாம். இன்னொன்று, படிவம் வடிவமைத்தவர் அதை ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கையுறையோடு நின்று நிரப்பிப் பார்க்க வேண்டும். பதினெட்டுக் கட்டம் ஒன்பதாகக் குறைந்துவிடும்.

பரேட்டோவில் மிக உயரமான பட்டையைத்தானே முதலில் எடுக்க வேண்டும்?

எதை வைத்து உயரம் என்று முதலில் சொல்லுங்கள். எண்ணிக்கையில் கீறல் முதலிடத்தில் இருக்கும், துடைத்தால் போய்விடும். விரிசல் நான்காம் இடத்தில் இருக்கும். ஆனால் வாடிக்கையாளரிடம் போய் உடைந்தால் முழு லாட்டும் திரும்பிவரும். அதனால் எண்ணிக்கைக்கு ஒன்று, இழப்புத் தொகைக்கு ஒன்று என்று இரண்டு வரைபடமாவது வரையச் சொல்கிறேன். இரண்டிலும் வரிசை ஒன்றாகவே இருந்தால் அதிர்ஷ்டம்.

'மற்றவை' என்ற பட்டை எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தால் செக் ஷீட்டுக்குத் திரும்பிப் போங்கள்.

மீன்முள் வரைபடம் வரைந்தோம், நாற்பது காரணம் கிடைத்தது. அடுத்து என்ன?

ஓட்டெடுப்பு நடத்தினீர்களா? பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் மூன்று வண்ணப் பொட்டுகள் கொடுத்து முக்கியக் காரணத்தில் ஒட்டச் சொல்வார்கள். எதை முதலில் சோதிப்பது என்று முடிவெடுக்க அது சரி. அதையே காரணம் கண்டுபிடித்ததாகக் கொள்வது அபத்தம். பேரிங் தேய்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பேரிங்தான் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் கையைத் தூக்கினால் அது தேய்ந்துவிடாது.

இஷிகாவா 1943இல் ஓர் எஃகு ஆலைப் பொறியாளர்களுக்கு இந்தப் படத்தை முதலில் பயன்படுத்தியதாக வரலாறு. பல காரணிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன என்று அடுக்கிக் காட்டுவதுதான் அன்றைய தேவை. ஒவ்வொரு முள்ளும் ஊகம், அவ்வளவே. ஆகவே என் வகுப்பில் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு இருந்தே ஆக வேண்டும்: இதை எப்படிச் சோதிப்போம், யார், எந்த நாளுக்குள். குறிப்பு எழுத முடியாத முள்ளை ஒடித்துவிடுவோம். 'கவனக்குறைவு', 'பயிற்சி போதாது' ஆகிய இரண்டும் பெரும்பாலும் அங்கேயே ஒடிந்துவிடும்.

'ஐந்து ஏன்' முறையில் எப்போதும் ஆபரேட்டரிடம்தான் போய் முடிகிறதே?

அலுவலக அறையில் உட்கார்ந்து கேட்பதால் அப்படி முடிகிறது. டொயோட்டாவில் டயீச்சி ஓனோ இந்த முறையை வளர்த்தபோது அதன் உயிரே இயந்திரத்தின் அருகில் நின்று பார்ப்பதுதான்.

பெட்டியில் லேபிள் சாய்ந்திருக்கிறது. ஏன்? ஆபரேட்டர் சரியாக வைக்கவில்லை. ஏன்? கவனக்குறைவு. முடிந்தது கதை, அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

இதையே இயந்திரத்தின் அருகில் நின்று கேளுங்கள். லேபிள் சாய்ந்திருக்கிறது; ஏனென்றால் சுருள் வரும்போதே ஒரு பக்கமாக நழுவுகிறது. ஏனென்றால் ரப்பர் உருளை ஒரு முனையில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது, விரலால் தடவினாலே தெரிகிறது. ஏனென்றால் அதை யாரும் மாற்றவில்லை. ஏனென்றால் பராமரிப்புப் பட்டியலில் அந்த உருளையே இல்லை. ஏனென்றால் பட்டியல் தயாரான பிறகுதான் இந்த இயந்திரம் வந்தது. இங்கே ஒவ்வொரு பதிலும் கண்ணால் பார்த்தது, அல்லது காகிதத்தில் சரிபார்த்தது. ஐந்து என்பது கணக்கல்ல. மூன்றிலும் நிற்கலாம், ஏழு வரையும் போகலாம். கிளைகள் பிரிந்தால் பிரியட்டும்.

ஹிஸ்டோகிராமில் எல்லா அளவுகளும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு குழு கடைசல் பிடித்த தண்டின் விட்டத்தை எடுத்து வந்தது. வரைபடத்தின்படி 25 மில்லிமீட்டர், கூடுதலாகவோ குறைவாகவோ 0.05 வரை அனுமதி. 200 அளவுகளைப் பட்டைகளாக வரைந்தார்கள். இடப்பக்கம் மெல்ல ஏறி, நடுவில் குவிந்து, வலப்பக்கம் இறங்கியது. 25.03இல் 22, 25.04இல் 17, பிறகு 25.05இல் திடீரென்று 31. அதற்கு அப்பால் ஒன்றுகூட இல்லை. மலைச்சரிவு இறங்கி வந்து, கடைசியில் ஒரு சுவரில் முட்டி நின்றதுபோல் இருந்தது. "நன்றாகத்தானே இருக்கிறது, எல்லாம் பாஸ்" என்றார் குழுவில் ஒருவர்.

இயற்கையாக வரும் அளவுகள் அப்படிச் சுவர் கட்டுவதில்லை. பொதுவாக இரண்டு வாய்ப்புகள். எல்லை தாண்டியவற்றை ஏற்கெனவே யாரோ பொறுக்கி எடுத்திருக்க வேண்டும். அப்படியென்றால் சுவர் இருக்கும், ஆனால் சுவரடியில் இந்தக் குவியல் இருக்காது. குவியலும் இருந்தால், எல்லை தாண்டியவை எல்லைக்குள் இருப்பதாகப் பதிவாகின்றன என்பது இரண்டாம் வாய்ப்பு; அளக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

போனோம். பரிசோதகர் அனுபவசாலி, நல்ல மனிதர். மைக்ரோமீட்டரின் கோடியில் ராட்செட் என்ற சிறு திருகு இருக்கிறது. அதைப் பிடித்துத் திருகினால் குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் 'கிர்ரிக்' என்று நழுவிவிடும், எல்லாருக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும். அவர் அதைத் தொடவில்லை. நடுவில் உள்ள தடித்த உருளையையே பிடித்துத் திருகினார். சாதாரணத் தண்டுகளை அப்படியே அளந்தார். 25.06 காட்டிய தண்டு வந்தபோது அவருடைய கட்டைவிரல் கண்ணுக்குத் தெரியாத அளவு இன்னும் கொஞ்சம் அழுந்தியது. 25.05. தாளில் எழுதினார், அடுத்ததை எடுத்தார்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தண்டைக் கழித்தால் மூன்று பக்கப் படிவம் நிரப்ப வேண்டும், உற்பத்தியை நிறுத்த வேண்டும், நிறுத்தியதற்காக மேலே பதில் சொல்ல வேண்டும். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் என் கட்டைவிரலும் அழுந்தியிருக்கும்.

படிவத்தை அரைப் பக்கமாக்கினார்கள், ராட்செட்டைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த வாரம் சுவர் இடிந்து வால் வெளியே நீண்டது; காகிதத்தில் கழிவு கூடிவிட்டது. மேலிடத்திலிருந்து கோபமான தொலைபேசி அழைப்பு வந்தபோது, வகுப்பில் உட்கார்ந்திருந்த உற்பத்தி மேலாளர் அதை எடுத்து, "கழிவு கூடவில்லை, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது" என்றார். மேலாளருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களிடம் அந்தத் தொலைபேசி அழைப்பைத்தான் நான் சொல்வேன். வகுப்புக்கு வராத ஒருவர் அதை எடுத்திருந்தால் மறுநாளே பழைய படிவம் திரும்பி வந்திருக்கும்.

பிறகு அளவுகளை இயந்திரவாரியாகப் பிரித்தோம். வால் முழுவதும் இரண்டாம் இயந்திரத்தினுடையது. அதன் கருவிப்பிடி தளர்ந்திருந்தது. சரிசெய்ய ஒரு பிற்பகல் ஆனது.

கட்டுப்பாட்டு எல்லையும் டாலரன்ஸும் ஒன்றுதானே?

இல்லை. அதிகம் சேதம் விளைவிக்கும் குழப்பம் இதுதான். டாலரன்ஸ் என்பது வடிவமைத்தவரோ வாடிக்கையாளரோ விரும்புவது. கட்டுப்பாட்டு எல்லை என்பது உங்கள் செயல்முறை தானாக எவ்வளவு ஆடுகிறது என்று அதன் தரவே சொல்வது. முன்னது ஆசை, பின்னது நடப்பு.

எண்களோடு பார்ப்போம். பொட்டலம் நிரப்பும் இயந்திரம். டாலரன்ஸ் 495 முதல் 510 கிராம் வரை. மணிக்கு ஒரு முறை அடுத்தடுத்து வரும் 5 பொட்டலங்களை எடை போடுகிறீர்கள். அப்படி 25 முறை. எல்லாவற்றின் சராசரி 502.4, ஒவ்வொரு ஐந்திலும் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வீச்சின் சராசரி 3.0. ஐந்து ஐந்தாக எடுக்கும்போது பயன்படும் மாறிலி 0.577. 0.577ஐ 3.0ஆல் பெருக்கினால் 1.73. ஆகச் சராசரிகளின் எல்லைகள் 500.67, 504.13. வீச்சின் மேல் எல்லை 2.114 பெருக்கல் 3.0, அதாவது 6.34. அவ்வளவுதான் கணக்கு.

இப்போது ஒரு மணிக்குச் சராசரி 505 வந்தால்? டாலரன்ஸ் பார்ப்பவர் 'பரவாயில்லை' என்று போய்விடுவார். வரைபடம் பார்ப்பவர் இயந்திரத்திடம் ஓடுவார்; ஏதோ மாறியிருக்கிறது, பொட்டலங்கள் இன்னும் கெட்டுப்போகவில்லை, காரணம் இன்னும் சூடாக இருக்கிறது. சராசரிகளின் வரைபடத்தில் 495, 510 என்று கோடு போட்டவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது. ஐந்தின் சராசரி தனிப் பொட்டலத்தைப்போல் அவ்வளவு ஆடாது என்பதால், அந்தக் கோடுகளைத் தொடுவதற்குள் மூட்டை மூட்டையாகக் கெட்டிருக்கும்.

பொறியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எல்லாப் புள்ளிகளும் நடுக்கோட்டை ஒட்டிக்கொண்டு அழகாக இருந்தால் மகிழாதீர்கள். ஐந்து பொட்டலத்தையும் ஐந்து வெவ்வேறு நிரப்புமுனைகளிலிருந்து எடுத்தீர்களா என்று பாருங்கள். முனைகளுக்கு இடையிலான வேறுபாடு வீச்சைப் பெரிதாக்கி எல்லைகளை அகலமாக்கியிருக்கும். ஒரு முனை கெட்டாலும் உங்கள் வரைபடம் சும்மா இருக்கும்.

புள்ளி எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கிறது. திருகைச் சற்றுத் திருப்பலாமா?

வேண்டாம். டெமிங் வகுப்புகளில் இதற்கென்றே புனல் சோதனை என்று ஒன்று நடக்கும். புனல் வழியாகக் கோலியைப் போட்டு, இலக்கிலிருந்து எவ்வளவு விலகி விழுந்ததோ அவ்வளவு புனலை எதிர்ப்பக்கம் நகர்த்துவது. நல்லெண்ணத்தோடு செய்யும் அந்தத் திருத்தம் விலகலின் மாறுபாட்டை இரு மடங்காக்கும். திட்ட விலக்கத்தில் சொன்னால் சுமார் 41 விழுக்காடு கூடும். ஒன்றும் செய்யாமல் இருந்தவரின் கோலிகளே நெருக்கமாகக் கிடக்கும்.

ஆனால் அடுத்தடுத்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எல்லையைத் தாண்டாவிட்டாலும் அது சமிக்ஞைதான். அப்போது திருகைத் தொடுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்.

சிதறல் வரைபடத்தில் தொடர்பு தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டதா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். மாற்றிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: வெப்பநிலையை எப்போதும் 198க்கும் 202க்கும் இடையில் வைத்திருந்த தரவில் வெப்பநிலையின் பாதிப்பு தெரியாது. அதனால் பாதிப்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

மென்பொருள் நொடியில் வரைந்துவிடுகிறதே, கையால் ஏன் வரைய வேண்டும்?

முதல் இருபது புள்ளிகளுக்கு மட்டும் பென்சில் பிடிக்கச் சொல்கிறேன். கையால் குறிக்கிறவருக்குப் பதினோராவது புள்ளி வைக்கும்போதே 'இது என்ன, இப்படிப் போகிறது?' என்று தோன்றும். உடனே திரும்பி இயந்திரத்தைப் பார்ப்பார். மென்பொருள் மாதக் கடைசியில் அழகான படத்தை அனுப்பும். அதற்குள் அன்றைய ஷிஃப்டில் யார் இருந்தார்கள் என்பதே மறந்துபோயிருக்கும். பழகிய பிறகு கணினிக்குப் போங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

புதிய ஏழு கருவிகள், சிக்ஸ் சிக்மா, எட்டு டி எல்லாம் கற்க வேண்டாமா?

புதிய ஏழு கருவிகள் 1970களில் ஜப்பானில் தொகுக்கப்பட்டவை. எண்களைவிடச் சொற்கள் அதிகமாக உள்ள இடத்துக்கு, அதாவது திட்டமிடலுக்கும் கருத்துகளை ஒழுங்குபடுத்துவதற்கும் ஏற்றவை. மேலாளர்களுக்கு மர வரைபடமும் உறவு வரைபடமும் உதவும்; மற்றவற்றைத் தேவை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

குறைபாடுகளைக் குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மா 1986இல் மோட்டரோலாவில் தொடங்கியது. எட்டு டி என்ற எட்டுப் படி முறையை 1987இல் ஃபோர்டு கையேடாக்கியது. வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் எழுத எட்டு டி நல்ல சட்டகம். ஆனால் இரண்டுக்குள்ளும் திறந்து பார்த்தால் இருப்பவற்றில் பெரும்பங்கு இதே பழைய கருவிகள்தாம். சிக்ஸ் சிக்மா தகுதிநிலைகளைக் குறிக்கும் 'பெல்ட்'டின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் ஒரு ஹிஸ்டோகிராமை வாசிக்கத் தடுமாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் நான்கு படிகள் சொன்னார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, நடத்தை மாறியதா, விளைவு வந்ததா. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. 'பயிற்றுநர் நகைச்சுவையாகப் பேசினார், மதிப்பெண் 4.7' என்று கோப்பில் இருக்கும்.

நான் ஆறு மாதம் கழித்துத் தளத்துக்குப் போவேன். சுவரில் மாட்டிய கட்டுப்பாட்டு வரைபடத்தின் ஓரத்தைப் பார்ப்பேன். '10:40 கருவி மாற்றப்பட்டது', 'புதிய லாட்', 'மின்தடை, 20 நிமிடம்' என்று எண்ணெய் படிந்த விரலோடு கிறுக்கிய குறிப்புகள் இருந்தால் வரைபடம் உயிரோடு இருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் நான் வருகிறேன் என்று தெரிந்து நேற்று மாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தலைமை அதிகாரிக்கு நேரமே இல்லை. அவர் இல்லாமல் நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் முன்னால் அவரிடம் ஒரு மணி நேரம் மட்டும் கேட்டு வாங்குங்கள். அதில் வரைபடம் எதுவும் வேண்டாம். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணியும் 800 சிவப்பு மணியும் போட்டு, 50 குழிகள் உள்ள ஒரு துடுப்பைக் கையில் கொடுங்கள். டெமிங்கின் சிவப்பு மணிச் சோதனை அது. வெள்ளை மணி நல்ல பொருள், சிவப்பு மணி குறைபாடு. துடுப்பை விட்டு எடுக்க வேண்டும், சிவப்பு வரக்கூடாது. எப்படி எடுத்தாலும் சுமார் பத்துச் சிவப்பு வரும். ஒரு முறை ஆறு, ஒரு முறை பதின்மூன்று. குறைவாக எடுத்தவரைப் பாராட்டுங்கள், கூடுதலாக எடுத்தவரைக் கடிந்துகொள்ளுங்கள், அவருடைய வாரக் கூட்டத்தில் நடப்பதைப்போலவே.

இப்படி ஒரு தலைமை அதிகாரியை ஆபரேட்டராக நிறுத்தினேன். முதலில் 9, பிறகு 13. முகம் சுருங்கியது. மூன்றாம் முறை 7 வந்ததும் சுற்றியிருந்தவர்களைப் பெருமையாகப் பார்த்தார். நான்காம் முறை 12. அவர் துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை கொடுங்கள், சற்றுச் சாய்த்துப் பிடித்தால் குறையும் என்று நினைக்கிறேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலை, அடுத்த வகுப்புப் பட்டியலில் தம் பெயரையும் சேர்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.